புதிய மரச்சாமான்களைப் பழையவை போலக் காட்டும் வண்ணப்பூச்சு: தேய்மானம் எங்கே வர வேண்டும்?

சாம்பல்நீலம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வண்ணம் பூசாத புதிய பைன் மரத்தில் செய்த, நான்கு இழுப்பறைகள் கொண்ட அலமாரி ஒன்றும் கைப்பிடியுள்ள நாற்காலிகள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. பல தலைமுறைகள் புழங்கித் தேய்ந்தவை போலத் தோன்றும்படி இவற்றுக்கு வண்ணம் பூச விரும்புகிறேன். அடியில் செங்காவி, மேலே சாம்பல் கலந்த நீலம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இத்தகைய வேலைப்பாட்டின் படங்களை நிறையப் பார்த்துவிட்டேன். பெரும்பாலானவற்றில் எல்லா விளிம்புகளும் ஒரே அகலத்துக்குச் சீராகத் தேய்க்கப்பட்டிருக்கின்றன. உப்புத்தாளால் தேய்த்த புதிய பொருள் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடுகிறது. மிகச் சில மட்டுமே நம்ப வைக்கின்றன. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? வண்ணத்தின் வகையிலிருந்தா, தேய்க்கும் முறையிலிருந்தா, தேய்க்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலிருந்தா? அனுபவமுள்ளவர்கள் சற்று விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

இழைப்புளி எழுதியது:

மூன்றிலிருந்தும் வருகிறது என்றாலும், இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கே முதலிடம் கொடுப்பேன். உண்மையான பழம்பொருளில் காரணமில்லாத தேய்மானம் ஒன்றுகூட இருக்காது. ஒவ்வொரு தேய்ந்த இடத்துக்குப் பின்னாலும் ஒரு கையோ, காலோ, துடைக்கும் துணியோ, சுவரோ, வெயிலோ இருக்கும். ஆகவே உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன்பு, அந்த அலமாரியை யார் எப்படிப் பயன்படுத்தியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுதான் முதல் வேலை.

உங்கள் இழுப்பறைகளையே எடுத்துக்கொள்வோம். குமிழைப் பிடித்து இழுக்கும்போது விரல் நகங்கள் குமிழுக்குக் கீழேயும் பக்கங்களிலும் உரசும். ஆகவே அங்கே வண்ணம் பிறை வடிவில் போயிருக்கும், குமிழுக்கு மேலே ஏறத்தாழ முழுமையாக இருக்கும். இழுப்பறையை மூடும்போது பலரும் குமிழைத் தொடாமல் முகப்பின் மேல்விளிம்பில் உள்ளங்கையை வைத்துத் தள்ளுவார்கள் என்பதால், அந்த விளிம்பின் நடுப்பகுதி மற்ற இடங்களைவிட அதிகம் தேயும். அடிக்கடி திறக்கப்படும் மேல் இழுப்பறை நிறையத் தேய்ந்திருக்க, குனிந்து திறக்க வேண்டிய கீழ் இழுப்பறை அதிகம் தேயாமல் இருக்கும். ஆனால் அதன் கீழ்ப்பகுதியில் கால் இடித்த வடுக்கள் காணப்படும். நான்கையும் ஒரே மாதிரி தேய்த்தால் அங்கேயே பொய் வெளிப்பட்டுவிடும். சுவரை ஒட்டி நிற்கும் பின்விளிம்புகளில் தேய்மானம் ஏறக்குறைய இருக்கவே கூடாது. அலமாரியின் கால்கள் தரையிலிருந்து இரண்டு மூன்று விரல் உயரம் வரை ஈரத்துணியும் துடைப்பமும் பட்டு வண்ணம் இழந்திருக்கும்.

நாற்காலியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். முன்கால்களை இணைக்கும் குறுக்குக்கட்டையின் மேற்புறத்தைக் கவனியுங்கள். உட்காருபவர் குதிகால்களை அதன்மீது வைப்பதால், பழைய நாற்காலிகளில் அந்த உருண்டைக் கட்டை நடுவுக்கு இருபுறமும் இரண்டு இடங்களில் தட்டையாகவே ஆகியிருக்கும். கட்டையின் அடிப்புறத்திலோ முதலில் பூசிய வண்ணம் அப்படியே இருக்கும். கைப்பிடிகளின் முனைகள், சாய்மானத்தின் மேல்கட்டையில் நாற்காலியை இழுக்கப் பிடிக்கும் இடம், அதே கட்டையின் பின்புறம் சுவரில் உரசும் இடம், இருக்கையின் முன்விளிம்பு ஆகியவை மற்ற முக்கிய இடங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய பொருளில் வண்ணம் மட்டும் தேய்வதில்லை, மரமும் சேர்ந்தே தேய்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த கூர்மையான செங்கோண விளிம்பில் வண்ணத்தை மட்டும் உரித்தால், கை அதைத் தொட்டதும் ஏமாற்றம் தெரிந்துவிடும். எனவே வண்ணம் பூசுவதற்கு முன்பே விளிம்புகளைச் சீவி, 80 எண் உப்புத்தாளால் (எண் கூடக் கூடத் தாள் நுண்மையாகும்) இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவில் உருட்டி, பிறகு 150 எண் தாளால் வழுவழுப்பாக்கிவிடுங்கள். குறுக்குக்கட்டையின் அந்த இரு தட்டை இடங்களையும் இந்தக் கட்டத்திலேயே அரம் கொண்டு உருவாக்கிவிட வேண்டும். வண்ணம் அதற்குப் பிறகுதான்.

பால்வண்ணம் எழுதியது:

இழைப்புளி ஐயா சொன்னதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். அதோடு, மரத்தின் நிறத்தைப் பற்றியும் பேச வேண்டும். வண்ணத்தைத் தேய்த்து மரம் தெரியும்போது அங்கே வெளிறிய மஞ்சள் நிறத்தில் புது பைன் மரம் எட்டிப் பார்த்தால், அதுவரை செய்த வேலையெல்லாம் வீணாகிவிடும். வண்ணம் போய்ப் பல காலம் வெளிச்சமும் கை அழுக்கும் பட்ட மரம் பழுப்பாகவோ சாம்பலாகவோதான் இருக்கும். ஆகவே தேயப்போகும் இடங்களிலாவது, வண்ணம் பூசும் முன்பே மரத்தின் நிறத்தை மாற்றிவிட வேண்டும்.

இதற்கு நான் பரிந்துரைப்பது வினிகரும் ஸ்டீல் வூல் எனப்படும் எஃகிழையும் சேர்ந்த கரைசல். ஸ்டீல் வூலைச் சோப்பு நீரில் அலசி எண்ணெய்ப் பசையைப் போக்கிவிட்டு, பிய்த்துக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, மூழ்கும் அளவுக்கு வெள்ளை வினிகர் ஊற்றி ஓரிரு நாட்கள் வைத்திருங்கள். குடுவையை இறுக மூடக் கூடாது. இரும்பும் அமிலமும் வினைபுரியும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறுவதால் அதற்கு வழி இருக்க வேண்டும். தீப்பொறி அருகில் இருக்கவும் கூடாது. கிடைக்கும் திரவத்தை மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். இதிலுள்ள இரும்பு உப்பு மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கருமையை உண்டாக்குகிறது. ஓக் போன்ற மரங்களில் டானின் மிகுதி, பைனில் குறைவு. எனவே முதலில் கடுந்தேயிலை வடிநீரைப் பூசி உலரவிட்டு, பிறகு இக்கரைசலைப் பூசினால், நிமிடங்களிலேயே மரம் சாம்பல் பழுப்பாக மாறுவதைக் காணலாம். நிறம் உலர உலர ஆழமாகும் என்பதால், ஈரத்தில் போதவில்லை என்று எண்ணி மறுபடியும் பூசிவிடாதீர்கள். நீர் பட்டு எழும்பும் நார்களை 220 எண் தாளால் மென்மையாக நீக்கிவிடலாம்.

பைனில் கணுக்களும் உண்டு. அவற்றிலுள்ள பிசின், வெளிர் வண்ணத்தின் ஊடாகச் சில மாதங்களில் மஞ்சள் வட்டமாகக் கசிந்து வந்துவிடும். நீர் சார்ந்த பிரைமரில் பெரும்பாலானவை இதைத் தடுப்பதில்லை. மெழுகு நீக்கிய ஷெல்லாக்கை (அரக்கை ஆல்கஹாலில் கரைத்த பூச்சு) ஒவ்வொரு கணுவின் மீதும் இரண்டு பூச்சு கொடுப்பதே நம்பகமான வழி.

வண்ணத்தின் வகைக்கு வருகிறேன். பாலின் கேசின் புரதத்தையும் சுண்ணாம்பையும் நிறமிகளையும் கொண்டு செய்யப்படும் பால் வண்ணம் மிகப் பழமையானது. தூளாக வாங்கிச் சம அளவு நீரில் கலந்து, கலந்த அன்றே பயன்படுத்திவிடுவது நல்லது. வெறும் மரத்தில் அது ஊறி ஒட்டிக்கொள்ளும். ஷெல்லாக்கோ வார்னிஷோ பூசிய மேற்பரப்பில் பற்றின்றித் தானாகவே செதில் செதிலாக உரியும். வேறு எதனாலும் அவ்வளவு இயல்பான உரிதலைக் கொண்டுவர முடியாது என்றாலும், எங்கே எவ்வளவு உரியும் என்பது நம் கையில் இல்லை. கட்டுப்பாடு வேண்டுமென்றால் சுண்ணத் தன்மையுள்ள, பளபளப்பற்ற மேட் வண்ணங்கள் பொருத்தமானவை. ஆனி ஸ்லோன் 1990-இல் பிரிட்டனில் அறிமுகப்படுத்திய சாக் பெயிண்ட் இவ்வகையில் பெயர் பெற்றது. பிரைமர் இல்லாமலே பெரும்பாலான பரப்புகளில் ஒட்டும். உலர்ந்தபின் உப்புத்தாளுக்கு நுண்தூளாக உதிரும். ஆனால் மெழுகோ வார்னிஷோ இல்லாமல் விட்டால் விரல்ரேகை கூடப் பதியும்.

சுவருக்குப் பூசும் அக்ரிலிக் எமல்ஷனையே பயன்படுத்தலாமா என்று பலர் கேட்பதுண்டு. அது முற்றிலும் இறுகுவதற்குள் தேய்த்தால் ரப்பர் போலச் சுருண்டு கிழிந்து வரும். அதை வைத்துத்தான் செய்ய வேண்டுமென்றால் உப்புத்தாளை நம்பாமல் மெழுகுத் தடுப்பு முறையைக் கையாளுங்கள்.

சாம்பல்நீலம் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மரத்தையே முதலில் தேய்க்க வேண்டும், நிறம் மாற்ற வேண்டும் என்ற இரண்டும் நான் பார்த்த எந்தச் செய்முறையிலும் இல்லாதவை. மெழுகுத் தடுப்பு முறையைப் பற்றிச் சற்று விளக்க முடியுமா? மேற்பரப்பில் வெடிப்புகள் வரச் செய்வது பற்றியும் அறிய விரும்புகிறேன்.

பால்வண்ணம் எழுதியது:

மெழுகுத் தடுப்பு மிக எளியது. செங்காவி அடிப்பூச்சு நன்றாக உலர்ந்த பின், நீலம் நிற்கக் கூடாத இடங்களில் தேன்மெழுகுக் கட்டியையோ வெள்ளை மெழுகுவர்த்தியையோ அழுத்தித் தேய்த்துவிட வேண்டும். அதன்மேல் நீலத்தைப் பூசி, தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலர்ந்ததும், மழுங்கிய சுரண்டுதகட்டையோ முரட்டுத் துணியையோ கொண்டு உரசினால் மெழுகு உள்ள இடங்களில் நீலம் செதிலாக உதிர்ந்துவிடும். உப்புத்தாள் தேய்ப்பில் வண்ணத்தின் ஓரம் மெலிந்து மங்கி முடியும். மெழுகில் ஓரம் திடீரென்று முறிந்தது போல நிற்கும். உண்மையான பழம்பொருளில் இவ்விரண்டுமே உண்டு. கை பட்ட இடத்தில் மங்கிய ஓரமும், ஈரத்தாலும் வெப்பத்தாலும் உரிந்த இடத்தில் முறிந்த ஓரமும் இருக்கும். ஆகவே கைப்பிடி முனைகளுக்கு உப்புத்தாள், கால்களின் அடிப்பகுதிக்கு மெழுகு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

உதிராமல் எஞ்சும் மெழுகைத் துடைத்து நீக்குவது முக்கியம். இல்லாவிட்டால் அடுத்துப் பூசுவது எதுவும் அங்கே பிடிக்காது. வெடிப்புகளை வச்சிரம் அவர்கள் நன்கு அறிவார்கள்; அவரே எழுதட்டும்.

வச்சிரம் எழுதியது:

அழைப்புக்கு நன்றி. வெடிப்பு எப்படி உண்டாகிறது என்பதைப் புரிந்துகொண்டால் செய்முறை தானாக விளங்கிவிடும். மேலே உள்ள பூச்சு விரைவாக உலர்ந்து சுருங்கும்போது, கீழே உள்ள அடுக்கு அதை இறுகப் பிடித்துக்கொள்ளாமல் வழுக்கி இடம் கொடுத்தால், மேற்பூச்சு பிளவுபடும். விலங்குத் தோலிலிருந்து எடுக்கப்பட்டு, தச்சு வேலையில் பயன்படும் வச்சிரப் பசை இதற்கு மிகவும் ஏற்றது. அடிவண்ணம் உலர்ந்த பின் திரவ வச்சிரத்தைச் சீராகப் பூசி, விரலில் பிசுபிசுப்பு இல்லாத நிலை வரும்வரை காத்திருந்து, அதன்மேல் நீர் சார்ந்த மேல்வண்ணத்தைப் பூச வேண்டும். வண்ணத்திலுள்ள நீர் பசையை இளக்குகிறது. வண்ணம் உலர்ந்து சுருங்குகிறது. கண்ணெதிரே கோடுகள் திறக்கின்றன.

தூரிகையை ஒரு முறை இழுத்த இடத்தில் மறுமுறை இழுக்கக் கூடாது. இளகிய பசையும் வண்ணமும் ஒன்றாகக் கலந்து சேறாகிவிடும். கனமாகப் பூசினால் அகன்ற வெடிப்புகளும், மெல்லியதாகப் பூசினால் நுண்ணிய வெடிப்புகளும் வரும். தூரிகை ஓடிய திசையிலேயே வெடிப்புகளும் ஓடும் என்பதால், மரரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகவே இழுங்கள். மரம் ஈரப்பதத்துக்கு ஏற்ப அகலவாட்டில்தான் அதிகம் விரிந்து சுருங்குகிறது. எனவே பழைய வண்ணப்பூச்சிலும் வெடிப்புகள் பெரும்பாலும் ரேகையின் நீளவாட்டிலேயே அமைந்திருக்கும். எல்லாத் திசையிலும் ஓடும் சிலந்திவலை வெடிப்பு ஓவியத்தின் வார்னிஷுக்குப் பொருந்தும், அலமாரிக்குப் பொருந்தாது. இயன்றவரை பலகையைக் கிடையாக வைத்துச் செய்யுங்கள். நிமிர்ந்த பரப்பில் வண்ணம் வழிந்துவிடும்.

முடித்தபின் அதன்மேல் நீர் சார்ந்த வார்னிஷ் பூசினால் பசை மீண்டும் இளகி, வெடிப்புகள் குழம்பிவிடும் அபாயம் உண்டு. முதலில் ஷெல்லாக் மெல்லிய பூச்சாகக் கொடுத்து அடைத்துவிடுவது நலம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு வேண்டுகோள். அலமாரி முழுவதையும் வெடிக்க வைக்காதீர்கள். வெயிலோ அடுப்பின் சூடோ நேரடியாகப் படும் ஒரு பக்கத்திலும், மேற்பலகையின் ஒரு பகுதியிலும் மட்டுமே வெடிப்பு வந்திருக்க நியாயம் உண்டு. பசையைத் திட்டுத்திட்டாகப் பூசி, திட்டின் ஓரங்களை ஈரத்துணியால் மெலிதாக்கிவிட்டால், வெடிப்பு தொடங்கி முடியும் இடம் இயல்பாக அமையும்.

நேர்கோடு எழுதியது:

இதுவரை எழுதிய அனைவரின் திறமையையும் மதிக்கிறேன். இருப்பினும் அடிப்படையான ஒரு கேள்வியை எழுப்ப விரும்புகிறேன். புதிய பொருளைப் பழையதாகக் காட்ட வேண்டிய தேவைதான் என்ன? நல்ல முறையில் செய்த புதிய நாற்காலிக்கு அதற்குரிய அழகு உண்டு. அதை நேர்த்தியாகப் பூசிப் பயன்படுத்தினால், நாம் இருக்கும்போதே உண்மையான தேய்மானம் வரத் தொடங்கும். அந்தத் தேய்மானம் அந்த வீட்டாருடையதாக இருக்கும். இல்லாத மனிதர்களின் குதிகால் தடத்தை அரத்தால் உருவாக்குவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. பழம்பொருள் என்று நம்பி ஒருவர் இதை வாங்கிவிட்டால் அது ஏமாற்று வேலையாகவும் ஆகிவிடும் அல்லவா?

இழைப்புளி எழுதியது:

கேள்வி நியாயமானது, இரண்டாகப் பிரித்துப் பதில் சொல்கிறேன்.

முதலாவது, அழகுக்காக ஒன்றை மற்றொன்றாகக் காட்டுவது வண்ணப்பூச்சுக் கலையில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. எளிய பைன் பலகையில் சீப்பும் தூரிகையும் கொண்டு ஓக், மஹோகனி ரேகைகளைத் தீட்டினார்கள். மரத்தூணைச் சலவைக்கல்லாகத் தீட்டினார்கள். மன்னர் மூன்றாம் குஸ்தாவ் 1771 முதல் 1792 வரை ஸ்வீடனை ஆண்ட காலத்தில் வளர்ந்த குஸ்தாவியப் பாணியில், பிரெஞ்சு அரண்மனைச் சாமான்களின் வடிவத்தை உள்ளூர் மரங்களில் செய்து வெளிர் சாம்பலும் வெள்ளையும் பூசினார்கள். இன்று நாம் பெரிதும் விரும்பும் தேய்ந்த சாம்பல் நிறத்துக்கு அந்தப் பாணியின் செல்வாக்கு பெருமளவு காரணம். புதிதாக இருந்தபோது அவை தேய்ந்திருக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் காலம் அவற்றின் வண்ணத்துக்குச் செய்ததைப் பார்த்து நம் கண் பழகியிருக்கிறது, அதை நம் வீட்டில் விரும்புவதில் குற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இதில் நடைமுறை நன்மையும் உண்டு. பளபளக்கும் புதுப்பூச்சில் விழும் முதல் கீறல் மனத்தை வருத்தும். தேய்ந்த பூச்சில் விழும் கீறல் அதோடு கலந்துவிடும். குழந்தைகள் புழங்கும் வீட்டில் இது சிறிய ஆறுதல் இல்லை.

இரண்டாவது, ஏமாற்று. இதில் நான் உங்கள் பக்கம். செய்தவர் பெயரையும் ஆண்டையும் இழுப்பறையின் அடியிலும் நாற்காலி இருக்கையின் அடியிலும் அழியாதபடி எழுதிவிட வேண்டும், சூட்டுக்கோலால் பொறித்தால் இன்னும் நல்லது. நமக்குப் பின் அது யார் கைக்குப் போகும் என்று தெரியாது அல்லவா? தேர்ந்த கண்ணுக்கு வேறு சாட்சிகளும் கிடைக்கும். நட்சத்திரத் தலையுள்ள பிலிப்ஸ் திருகாணி 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. டைட்டானியம் வெள்ளை நிறமி 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பிறகே வண்ணங்களில் சேர்க்கப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டு என்று சொல்லப்படும் பொருளின் அடிப்பூச்சில் அது இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் எல்லாரிடமும் ஆய்வுக்கூடம் இருப்பதில்லை. ஆகவே பெயரும் ஆண்டும் எழுதுவதை வேலையின் ஒரு பகுதியாகவே கொள்ளுங்கள்.

நேர்கோடு எழுதியது:

பெயரும் ஆண்டும் எழுதும் யோசனை என் உறுத்தலைப் பெருமளவு நீக்குகிறது. ஆனாலும் என் வீட்டு நாற்காலியை நான் அரத்தால் தேய்க்கப்போவதில்லை. வேறொன்று கேட்கிறேன்: சங்கிலியால் அடிப்பது, ஆணியால் பூச்சித் துளைகள் இடுவது ஆகியவற்றைச் சிலர் பரிந்துரைக்கிறார்களே, அவற்றையும் ஆதரிக்கிறீர்களா?

வச்சிரம் எழுதியது:

சங்கிலியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே சங்கிலியின் கண்ணிகள் ஒரே வடிவிலான பள்ளத்தை வரிசையாகப் பதிக்கும். இரண்டாவது பார்வையிலேயே அது புலப்பட்டுவிடும். அடி வேண்டுமென்றால் சாவிக்கொத்து, உருண்டைக் கல், திருகாணியின் பக்கவாட்டு, பலகையின் மூலை என்று கருவிகளை மாற்றி, உண்மையில் அடி படக்கூடிய இடங்களில் மட்டும், மிகக் குறைவாகப் பயன்படுத்துங்கள்.

துளைகளைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு: போடாதீர்கள். மரத்தைத் துளைக்கும் சாதாரண வண்டு வெளியேறும் துளை வட்டமாக, ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் விட்டத்தில் இருக்கும். உள்ளே சென்றதும் வளைந்து திரியும். ஆணித்துளை நேராகச் சென்று நின்றுவிடும். மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். அது மட்டுமன்றி, வீட்டுக்கு வருபவர் அதைக் கண்டு உயிருள்ள பூச்சி இருக்கிறது என்று அஞ்சவும் கூடும்.

பால்வண்ணம் எழுதியது:

இதில் மட்டும் வச்சிரம் அவர்களிடமிருந்து மாறுபடுகிறேன். கால்களின் அடியில் நான்கைந்து துளைகளைக் கொத்தாக இட்டு, கருமெழுகால் அடைத்தால் நன்றாகவே இருக்கிறது. அடியில் ஆண்டு எழுதப்பட்டிருக்கும்போது யாரும் ஏமாறப்போவதில்லை. சீராகப் பரவிய துளைகள்தாம் பொய்யாகத் தெரிகின்றன. உயிருள்ள பூச்சியைப் பற்றி அஞ்சுபவர்களுக்கு ஒரு குறிப்பு: புதிதாகக் குடைந்த துளையிலிருந்து வெளிறிய நுண்தூள் உதிரும், அடைத்த துளையில் அது இருக்காது.

புதுவரவு எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. என் அலமாரி திடமரம் இல்லை. துகள்பலகையின் மேல் லேமினேட் ஒட்டப்பட்டது. இந்த முறைகள் அதற்குப் பொருந்துமா?

இழைப்புளி எழுதியது:

பாதி பொருந்தும். தேய்த்தால் உள்ளிருந்து மரம் வராது, லேமினேட்டோ துகள்பலகையோதான் வரும். எனவே மரம் தெரியும் தேய்மானத்தை மறந்துவிட்டு, ஒரு வண்ணத்தின் அடியில் இன்னொரு வண்ணம் தெரிவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 180 எண் தாளால் லேமினேட்டின் பளபளப்பைக் கொன்று, தூசியைத் துடைத்து, ஷெல்லாக் சார்ந்த பிரைமர் ஒரு பூச்சு கொடுத்து, அதன்மேல் மரத்தின் பழுப்பை ஒத்த வண்ணத்தை முதலடுக்காகப் பூசினால், தேய்த்த இடத்தில் அதுவே மரமாகத் தோன்றும். மேல்வண்ணத்தை உப்புத்தாளால் தேய்க்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பிரைமர் வரை போய்விடும் ஆபத்து குறையும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகைக்கும் இதே வழிதான்; அதன் வெட்டுமுனைகள் வண்ணத்தை உறிஞ்சும் என்பதால் அங்கே பிரைமரைக் கூடுதலாகக் கொடுங்கள்.

தூசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எம்.டி.எஃப் தூளும் வண்ணத் தூளும் நுரையீரலுக்குக் கேடு. நுண்துகள் முகக்கவசம் இல்லாமல் தேய்க்க வேண்டாம். நாம் இங்கே பேசுவதெல்லாம் புதிய மரத்தையும் புதிய வண்ணத்தையும் பற்றித்தான். உண்மையிலேயே பழைய வண்ணம் பூசிய சாமானை இதே உற்சாகத்தில் உப்புத்தாளால் தேய்த்துவிடாதீர்கள். பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். அமெரிக்காவிலேயே வீட்டு வண்ணங்களில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-இல்தான். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயத் தூள் பாதிக்கும் என்பதால், சோதித்துப் பார்க்காமல் அத்தகைய பொருளைத் தொடவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிப் போடுவதும் ஆபத்து. அவை உலரும்போது வெப்பம் பெருகித் தாமாகவே தீப்பற்றும். விரித்து உலர்த்துங்கள், அல்லது நீரில் அமிழ்த்தி மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் வையுங்கள்.

சாம்பல்நீலம் எழுதியது:

அனைத்தையும் குறித்துக்கொண்டேன். விளிம்பு உருட்டல், தேயிலை வடிநீர், இரும்புக் கரைசல், கணுக்களுக்கு ஷெல்லாக், செங்காவி, மெழுகு, நீலம், தேய்ப்பு என்று வரிசை தெளிவாகிவிட்டது. வெடிப்பை மேற்பலகையின் ஒரு மூலைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். துளைகள் வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டேன். எஞ்சியிருப்பது அழுக்கு. கருமெழுகு பூசினால் எல்லா இடமும் ஒரே பழுப்பாகிவிடுகிறதே, அதை எப்படித் தவிர்ப்பது? அதன்மேல் வார்னிஷ் பூசலாமா?

பால்வண்ணம் எழுதியது:

மேட் வண்ணம் நுண்துளைகள் கொண்டது. அதன்மேல் நேரடியாகக் கருமெழுகைப் பூசினால் உறிஞ்சிக்கொள்ளும், பிறகு எடுக்க முடியாது. முதலில் நிறமற்ற மெழுகை மெல்லியதாகப் பூசித் துடைத்துவிட்டு, அதன்மேல் கருமெழுகைச் சிறு தூரிகையால் உள்மூலைகளிலும், சட்டத்தின் பள்ளங்களிலும், குமிழின் அடிச்சுற்றிலும், வெடிப்புகளிலும் மட்டும் திணியுங்கள். அதிகமானதை நிறமற்ற மெழுகு தொட்ட துணியால் துடைத்தால் மேடான இடங்கள் தெளிந்துவிடும். கை ஓயாமல் உரசும் இடத்தில் அழுக்கு தங்காது, அதற்குப் பக்கத்தில்தான் தங்கும். கைப்பிடியின் முனை பளபளவென்று இருக்க, அது நாற்காலியோடு சேரும் இடுக்கில் கருமை இருக்க வேண்டும். அழுக்கின் நிறத்துக்கு ரா அம்பர் என்ற மண் நிறமியைத் தேர்ந்தெடுங்கள். அது சற்றுப் பசுமை கலந்த குளிர்ந்த பழுப்பு. பர்ன்ட் அம்பர் செம்மை மிகுந்தது. உங்கள் செங்காவியோடு போட்டியிடும்.

வார்னிஷ் பற்றி: மெழுகின் மேல் வார்னிஷ் ஒட்டாது. நாற்காலிகளுக்கும் அலமாரியின் பக்கங்களுக்கும் மெழுகே போதும். தொட்டால் காய்ந்தது போல விரைவில் தோன்றினாலும் முழுமையாக இறுகச் சில வாரங்கள் ஆகும் என்பதால், அதுவரை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். குவளையும் தட்டும் வைக்கக்கூடிய மேற்பலகைக்கு மட்டும் மெழுகைத் தவிர்த்துவிட்டு, ரா அம்பர் கலந்த கிளேஸால் (அடிவண்ணம் ஊடே தெரியும் மெல்லிய பூச்சு) அழுக்கைக் காட்டுங்கள். வெடிப்புள்ள மூலையைக் கிளேஸுக்கு முன்பே ஷெல்லாக்கால் அடைத்துவிட வேண்டும். எல்லாம் உலர்ந்தபின் பளபளப்பில்லாத நீர் சார்ந்த பாலியூரித்தேன் இரண்டு பூச்சு கொடுங்கள். எண்ணெய் சார்ந்த வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகி உங்கள் நீலத்தைப் பச்சையாக்கிவிடும்.

மெழுகு பூசிய பிறகு மனம் மாறினால், மினரல் ஸ்பிரிட் என்ற கரைப்பானில் நனைத்த துணியை அடிக்கடி மாற்றி மாற்றி மெழுகைத் துடைத்தெடுத்து, ஷெல்லாக் ஒரு பூச்சு கொடுத்து, அது உலர்ந்த பின்பே வார்னிஷைத் தொடுங்கள். இருக்கையின் அடிப்புறத்தில் ஒரு சிறு இடத்தில் இதைச் செய்து பார்த்துவிட்டு மேற்பரப்புக்கு வருவது நல்லது.